முதன்மை ஆர்வம்: ஓய்வு

இயற்பியல் துறையில் அவருக்குக் கண்ணாடி சார் என்று பெயர். இத்தனைக்கும் அவர் மூக்குக்கண்ணாடி போடுகிற ஆளில்லை. ஐம்பத்தெட்டு வயதிலும் பொடி எழுத்தை வெறுங்கண்ணால் படிப்பார், அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பத்தொன்பது வருடமாக ஒரே ஒரு கண்ணாடித் தண்டின் நீளத்தை அளந்துகொண்டிருப்பதால் வந்த பெயர் அது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிற அக்கா, தம்பி ஏதோ கண்ணாடி கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பதாகத்தான் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவரும் திருத்தவில்லை. திருத்தினால் விளக்க வேண்டும், விளக்கினால் அக்கா கொட்டாவி விடுவாள்.

விளக்குவதற்கு அப்படி ஒன்றும் கஷ்டமான விஷயமில்லை. உருகிய கண்ணாடி ஆறும்போது அவசர அவசரமாக இறுகிவிடுகிறது. உள்ளே இருக்கிற அணுக்களுக்கு ஒழுங்காக இடம் பிடித்து உட்கார நேரம் கிடைப்பதில்லை, கூட்டமான பஸ்ஸில் ஏறியவர்கள் மாதிரி நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு வருடக்கணக்கில், தசாப்தக்கணக்கில், இம்மி இம்மியாக நகர்ந்து தங்கள் இடத்துக்கு வருகின்றன. அதனால் தண்டு சுருங்குகிறது. ஒரு மீட்டர் நீளத் தண்டு பத்தொன்பது வருடத்தில் சுருங்கியது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. ஆனால் இன்னும் நிற்கவில்லை. எப்போது நிற்கும், நிற்குமா என்பதுதான் அவருடைய கேள்வி.

தண்டு கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில், மின்சாரத்தால் சூடேற்றிய செம்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் சூடு கொஞ்சமும் ஏறவோ இறங்கவோ கூடாது. மனித உடம்பு நூறு வாட் பல்பு மாதிரி, சும்மா நின்றாலே அறையைச் சூடாக்கிவிடும். அதனால் அந்த அறைக்கு அவரே ஒரு சட்டம் போட்டிருந்தார்: ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஆள், நாலே நிமிடம். காலை எட்டு பத்துக்கு உள்ளே போவார், தண்டின் நீளத்தைக் காட்டுகிற ஒளிக்கோடுகளைப் பார்த்து எண்ணைக் குறிப்பார், எட்டு பதினாலுக்கு வெளியே வந்து கதவைச் சாத்துவார். அந்த ஒரு ஆள் எப்போதும் அவர்தான். தனியாக இருப்பதற்கென்றே ஒரு ஆராய்ச்சியைத் தேடிப் பிடித்தாரா, ஆராய்ச்சி அவரைத் தனியாளாக்கியதா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

போன மாதம் துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். தலைவர் லேசர்காரர், வயதில் பத்து வருடம் சின்னவர், பேச்சில் தேன் ஒழுகும். சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் புது விதி வந்திருக்கிறது. ஒரு ஆய்வு ஆர்வத்துக்குக் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும், இரண்டு ஆசிரியர்களோ, ஒரு ஆசிரியரும் ஒரு ஆய்வு மாணவரோ. ஒற்றை ஆளுக்கு இனிமேல் தனி அறை கிடையாது. மாதக் கடைசிக்குள் யாராவது சேர்ந்தால் சரி. இல்லையென்றால் முதல் தேதி அந்த அறைக்குப் புது லேசர் வந்து இறங்கும்.

பெட்டியை வேறு அறைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்றும் தலைவர் யோசனை சொன்னார். லேசர்காரர்களுக்கு அப்படித்தான் தோன்றும். பெட்டியை ஒரு தடவை அணைத்தால் தண்டு ஆறிவிடும், ஆறினால் பத்தொன்பது வருட வளைகோடு அந்த இடத்திலேயே அறுந்துபோகும். கண்ணாடிக்கு ஞாபகசக்தி அதிகம், தனக்கு நடந்த எந்தச் சூடு குளிரையும் அது மறக்காது. இதைச் சொல்ல வாயெடுத்தவர், தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்துவிட்டார்.

மாணவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை அவருக்குத் துளியும் இல்லை. மூன்று வருடமாக ஒருவர்கூட அவரைத் தேடி வரவில்லை, ஒரு கடிதம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. காலம் மாறிவிட்டது, மெதுவாக நடக்கிற எதற்கும் இனிமேல் ஆள் கிடைக்காது என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அதை நம்பவும் தொடங்கியிருந்தார். வலித்தது. வலிக்கவில்லை என்று காட்டிக்கொள்ள ஆள் இல்லாததால் வலியை மறைக்கிற சிரமம் மட்டும் மிச்சம்.

ஆகவே சக ஆசிரியர்களைத்தான் கேட்க வேண்டும். கௌரவத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டினார். முதலில் விண்மீன்காரர். வெடித்துச் செத்துப்போன விண்மீன்கள் பற்றி மட்டுமே அவருக்கு அக்கறை, உயிரோடிருக்கிற விண்மீன்கூட அவருக்கு இளக்காரம். உங்கள் ஆர்வங்களில் கண்ணாடி என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு, தொலைநோக்கியில் கண்ணாடி இருக்கிறதுதான், ஆனால் அது பூசிய கண்ணாடி ஆயிற்றே என்று அரை மணி நேரம் விளக்கம் சொன்னார். அடுத்தது உலகத்துக்குப் பதினோரு பரிமாணம் என்று கணக்குப் போடுகிற அம்மாள். அவருக்கு மேஜை, நாற்காலி, தாள், பென்சில் போதும், அறையே வேண்டாம், அதனால் அறைக்காக ஒருவர் அலைவது அவருக்குப் புரியவே இல்லை. தண்டு எத்தனை பரிமாணம் என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார். நீளம் மட்டும்தான் அளக்கிறேன் என்று இவர் சொன்னதும், ஐயோ பாவம் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

கடைசியாகப் போன வருடம் சேர்ந்த புது ஆசிரியையின் அறை. காந்தங்கள் பற்றி ஆராய்கிறவர், மாடியில் இருப்பவர், இவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இவர் தன்னை அறிமுகம் செய்துகொண்டதும் அந்தப் பெண் பதறி எழுந்து நின்றார்.

"சார், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு நெனச்சுட்டேன்."

"யாரும்மா சொன்னாங்க?"

"யாரும் சொல்லல சார். நம்ம டிபார்ட்மென்ட் பக்கத்துலயே போட்டிருக்கே."

கணினியைத் திருப்பிக் காட்டினார். துறையின் இணையப் பக்கம். எல்லா ஆசிரியர்களும் வரிசையாக, ஒவ்வொருவர் படத்துக்குக் கீழேயும் பதவி, அதற்கு அடுத்து முதன்மை ஆய்வு ஆர்வம். லேசர். விண்மீன். காந்தம். அவர் படத்துக்குக் கீழே: பேராசிரியர், ஓய்வு.

அவருக்குத் தூக்கி வாரிப்போட்டது. எந்த முட்டாள் செய்த வேலை என்று கேட்க வாயைத் திறந்தவருக்கு அந்த முட்டாள் யார் என்பது அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. திறந்த வாயை மெதுவாக மூடிக்கொண்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் துறையின் பக்கத்தைத் தமிழிலும் போடுவதென்று முடிவாயிற்று. ஆளுக்கொரு படிவம் வந்தது. முதன்மை ஆய்வு ஆர்வம், ஒரே சொல்லில். அவர் ஆராய்வதற்குப் பெயர் ரிலாக்சேஷன். கலைச்சொல் அகராதியில் அதற்கு இரண்டு சொல் இருந்தன, தளர்வு என்று ஒன்று, ஓய்வு என்று ஒன்று. தளர்வு அவருக்குப் பிடிக்கவில்லை. மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிற ஆளின் ஞாபகம் வந்தது. தவிப்போடு இறுகிப்போன ஒரு பொருள் மெல்ல மெல்ல அமைதிக்கு வருகிறது, அது தளர்ச்சியா, ஓய்வல்லவா என்று தனக்குள்ளே வாதாடித் தானே ஜெயித்து, ஓய்வு என்று கொட்டை எழுத்தில் எழுதினார். பல்கலைக்கழக நிர்வாகம் இருக்கிற பெரிய கட்டடத்தில் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற அலுவலர் அம்மா, ஓய்வு என்றே போடட்டுமா சார் என்று போன் செய்துகூடக் கேட்டார். சொல்லாராய்ச்சியில் யாரோ மூக்கை நுழைக்கிறார்கள் என்று இவருக்கு எரிச்சல். நான் எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, அந்த மண்ணுக்குத் தமிழ்ச் சொல்லும் தேடிக் கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கே பெரிய கட்டடத்துக்குப் போனார். அலுவலர் அம்மா அவரைப் பார்த்ததும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல ஒரு கணம் தயங்கினார். நடந்ததைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது.

"நான் அப்பவே கேட்டேன் சார்" என்றார்.

"கேட்டீங்கம்மா. நீங்க கேட்டீங்க. நான்தான்..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அந்த அம்மாவும் அதை இழுக்கவில்லை. துறை முகவரிக்கு வருகிற கடிதங்களுக்கெல்லாம் பதில் போடுவதும் அவர் வேலைதான். எதையும் தூக்கி எறிகிற வழக்கம் அவருக்கு இல்லை, அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வைத்தார். மூன்று வருடத்தில் கண்ணாடி சாரைத் தேடி ஏழு கடிதங்கள் வந்திருந்தன. ஏழுக்கும் ஒரே பதில் போயிருந்தது: பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

அந்த அறையிலேயே, ஒரு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஏழையும் படித்தார். இரண்டு, கூட்டங்களில் பேச அழைப்பு. ஒன்று தண்டின் எண்களைக் கேட்டிருந்தது. இரண்டு பேர் அவரிடம் ஆய்வு மாணவர்களாகச் சேர விரும்பியவர்கள். கடைசி இரண்டும் ஒரே பெண் எழுதியவை. முதல் கடிதத்தில் அந்தப் பெண்ணும் சேர விரும்புவதாக எழுதியிருந்தாள், அவருடைய கட்டுரையின் பக்கம், படம், வரி எல்லாம் குறித்து. ஓய்வு பெற்றுவிட்டார் என்ற பதில் போன பிறகு ஒரு வாரத்தில் இரண்டாவது கடிதம்: "சேர முடியாவிட்டால் பரவாயில்லை. சாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். வீட்டு எண் கிடைக்குமா? ஏழாவது வருடத்தில் வளைகோட்டில் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, அது ஏன்?" கீழே அவளுடைய போன் எண்.

கடிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார். யாருமே கவனிக்காத அந்த மேட்டை ஒருத்தி கவனித்திருக்கிறாள். இரண்டரை வருடத்துக்கு முன்னால் தன்னைத் தேடி ஒருத்தி கதவைத் தட்டியிருக்கிறாள், தானே உள்ளிருந்து ஆளில்லை என்று பதில் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு அழுகை வந்தது. அலுவலர் அம்மா எழுந்து போய் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அலமாரியில் ஏதோ தேடுகிறவர்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சேர விரும்பிய மற்ற இரண்டு பேருக்கும் அன்றே எழுதினார். இருவரும் பண்பாகப் பதில் போட்டார்கள், வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள், ஒருவர் கான்கிரீட் விரிசலில் மும்முரமாக இருந்தார். தலைவரிடம் ஓய்வுக் கதையைச் சொன்னபோது அவர் முதலில் வாய்விட்டுச் சிரித்தார், பிறகு இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒரே ஒரு ஆள் கையெழுத்துப் போட்டால் போதும், தான் மேலிடத்தில் பேசிக்கொள்வதாகச் சொன்னார். தேதியை மட்டும் தள்ளிப்போட முடியாது, லேசர் கிளம்பிவிட்டது.

மிச்சமிருந்தது அந்தப் பெண் மட்டும். போன் செய்ய இரண்டு நாள் துணிவு வரவில்லை. மூன்றாம் நாள் செய்தார். அவள் வேறு ஊரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தாள், பின்னால் வகுப்பு விட்ட இரைச்சல் கேட்டது. தான் யார் என்று சொல்லி, தான் ஓய்வு பெறவில்லை, அது ஒரு சொல்லால் வந்த வினை என்று குளறிக் குளறி விளக்கினார்.

பிறகு அவள் கேட்டாள்: "தண்டு இன்னும் சுருங்குதா சார்?"

பத்தொன்பது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அக்கா கேட்டதில்லை, தலைவர் கேட்டதில்லை, பட்டமளிப்பு விழாவில் கைகுலுக்கியவர்கள் யாரும் கேட்டதில்லை. "சுருங்குதும்மா" என்றார்.

வந்து சேர்ந்துகொள்ள முடியுமா என்று கேட்டார். பெட்டி, முதல் தேதி, லேசர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பொய் சொல்லவில்லை. அப்போது ரொம்ப ஆசையாக இருந்தது, இப்போது அந்த ஆசை இல்லை, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது பிடித்துப்போய்விட்டது என்றாள். பேருக்கு ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல் இருக்கவும் மனசு ஒப்பவில்லை என்றாள். அவர் சரி சரி என்றார். வைக்கப்போகும்போது அவளே சொன்னாள், அவருடைய கட்டுரையில் இருந்த வளைகோட்டைப் பெரிய தாளில் வரைந்து வீட்டுச் சுவரில் ஒட்டியிருப்பதாக. கட்டுரை நாலு வருடத்துக்கு முந்தையது, பதினைந்து வருடத்தோடு கோடு நின்றுவிடுகிறது. சார் ஓய்வு பெற்றுவிட்டாரே, இனிமேல் யாரும் அளக்கமாட்டார்களே என்று, அதற்கு மேல் அவளே கணக்குப் போட்டு மாதம் ஒரு புள்ளியாகப் பென்சிலில் நீட்டிக்கொண்டு வந்தாளாம். அப்புறம் மேட்டைப் பற்றிக் கேட்டாள். காரணம் தெரியவில்லை என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேனே என்று அவர் சமாளித்தார். கடைசி அளவை எடுக்கும்போது போன் செய்வதாகச் சொல்லி வைத்தார்.

மாதத்தின் கடைசி நாள் எட்டு பத்துக்கு உள்ளே போனார். ஒளிக்கோடுகளை எண்ணினார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. நோட்டில் எழுதிவிட்டுப் போனில் அவளைக் கூப்பிட்டார்.

"முதல்ல உன் பென்சில் கணக்கைச் சொல்லும்மா, மொத்தம் எத்தனை மைக்ரான் சுருங்கியிருக்கு?"

"நாப்பத்திரண்டு புள்ளி ஒண்ணு சார்."

"நாப்பத்தொண்ணு புள்ளி ஒன்பது."

அவள் மூச்சு விடுவது கேட்டது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான், அதிலும் வெறும் புள்ளி இரண்டு வித்தியாசம். அவள் ஊரில், அவள் வீட்டுச் சுவரில், தண்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ஒருத்தி இரண்டரை வருடமாகக் கூடவே நடந்து வந்திருக்கிறாள். தான் தனியாகப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்த அத்தனை காலையும் தனியாக இல்லை. அது அப்போதே தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார்.

"நான்தான் கொஞ்சம் கூடப் போட்டுட்டேன்" என்றாள் அவள். "அது அவ்வளவு சீக்கிரம் அடங்கல போல."

மணி எட்டு பதினாலு. அவர் சுவரில் இருந்த விசையை அணைத்தார். பெட்டியின் மெல்லிய ரீங்காரம் நின்றது. அப்படி ஒரு சத்தம் இத்தனை நாள் இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

"அந்த மேட்டைக் கேட்டியேம்மா" என்றார். "காரணம் தெரியும். எழுத முடியல. அம்மா போயிட்டாங்க அந்த வாரம். எல்லாம் முடிச்சுட்டுத் திரும்பி வந்தேன், வீட்டுக்குப் போகப் பிடிக்கல. இங்க வந்து பெட்டிக்குப் பக்கத்துலயே நாள் பூரா உக்காந்திருந்தேன். அஞ்சு நாள். அது என் உடம்புச் சூடு."

பள்ளிக்கூட மணி அடிப்பது கேட்டது. அவள் வகுப்புக்குப் போக வேண்டும், அது அவருக்கும் தெரியும்.

"மேட்டுக்குப் பக்கத்துல எழுதி வைக்கட்டுமா சார்?"

"எழுதிக்கம்மா."

"சரி சார். போனை வைக்கட்டுமா?"

"நாளைக்கும் எட்டு பத்துக்குப் போன் பண்ணட்டுமா?" என்று கேட்டுவிட்டார். கேட்டது அவருக்கே புதிதாக இருந்தது. "ரீடிங் ஒண்ணும் இருக்காது. சும்மாதான்."

"பண்ணுங்க சார்" என்றாள். "எட்டேகாலுக்குத்தான் எனக்கு மணி அடிக்கும். நாலஞ்சு நிமிஷம் பேசலாம்."

போனை வைத்தார். பழக்கத்தில் கால்கள் கதவை நோக்கித் திரும்பின. பிறகுதான் இனிமேல் வெளியே போக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை என்பது உறைத்தது. மூலையில் இருந்த நாற்காலியை இழுத்து, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் போட்ட அதே இடத்தில் போட்டு, ஆறிக்கொண்டிருந்த பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.